கலப்பு பின்னத்தைத் தசமமாக மாற்றும்போது முழு எண்ணையும் சேர்த்து வகுக்க வேண்டுமா?

பென்சில்முனை:

வணக்கம் நண்பர்களே. ரொம்ப வருஷம் கழித்து ஒரு தேர்வுக்காகக் கணக்குப் புத்தகத்தைத் திறந்திருக்கிறேன். கலப்பு பின்னத்தைத் தசமமாக மாற்றும் பகுதியில் விடை வந்துவிடுகிறது, ஆனால் ஏன் அப்படி வருகிறது என்பது மட்டும் பிடிபடவில்லை.

3 5/8 என்ற கணக்கை ஒரு புத்தகம் இப்படிப் போடுகிறது: 3-ஐ 8-ஆல் பெருக்கி 5-ஐக் கூட்டி 29/8 என்று தகா பின்னமாக்கி, அப்புறம் 29-ஐ 8-ஆல் வகுத்து 3.625. இன்னொரு புத்தகம் 3-ஐ அப்படியே விட்டுவிட்டு 5-ஐ மட்டும் 8-ஆல் வகுத்து 0.625 எடுத்து 3-க்குப் பக்கத்தில் ஒட்டிவிடுகிறது. இரண்டிலும் ஒரே விடை. இரண்டாவது வழி எல்லா இடத்திலும் செல்லுமா, இல்லை ஏதாவது கணக்கில் காலை வாருமா?

இன்னொரு சந்தேகம், 4 1/2 என்றால் 4.5, சரி. 4 1/20 என்றால் 4.05 என்று போட்டிருக்கிறார்கள். புள்ளிக்கு அப்புறம் எத்தனை பூஜ்யம் வரும் என்பதை எப்படி முடிவு செய்வது?

கடைசியாக, 5 5/12-ஐக் கால்குலேட்டரில் போட்டால் 5.416666667 என்று காட்டுகிறது. வரிசையாக ஆறு வந்துகொண்டிருக்கும்போது கடைசியில் அந்த 7 எங்கிருந்து வந்தது? சில பின்னம் இரண்டு மூன்று இலக்கத்தில் முடிந்துவிடுகிறது, சிலது முடிவதே இல்லை. வகுத்துப் பார்க்காமல் முன்கூட்டியே சொல்ல வழி இருக்கிறதா?

மீதியும்_ஈவும்:

இரண்டாவது வழிதான் நல்ல வழி, தைரியமாகப் போடுங்கள். 3 5/8 என்று எழுதியிருப்பதற்கு நடுவில் ஒரு கூட்டல் குறி இருக்கிறது, எழுதாமல் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். 3 + 5/8 என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 3 ஏற்கெனவே முழு எண், அதை எதற்காக எட்டாகப் பிரித்து, பின்னத்தோடு சேர்த்து, மறுபடி எட்டால் வகுத்து அதே 3-ஐத் திரும்ப எடுக்க வேண்டும்? 5/8 என்பது தகு பின்னம், மேலே உள்ள எண் கீழே உள்ளதைவிடச் சின்னது. அதனால் அது எப்போதும் 1-க்குள்தான் இருக்கும், புள்ளிக்கு இடதுபக்கம் எதையும் தொடாது. முழு எண் இடதுபக்கம், பின்னம் வலதுபக்கம், இரண்டும் மோதிக்கொள்ள வாய்ப்பே இல்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சில நேரம் கூட்டல் கணக்கின் நடுவில் 4 9/5 மாதிரி ஒன்று வந்து நிற்கும். அது ஒழுங்கான கலப்பு பின்னம் இல்லை. 9/5 என்பது 1.8, ஆக விடை 5.8. முழு எண்ணில் ஒன்று ஏறிவிடும். பின்னம் தகு பின்னமாக இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒட்டினால் போதும்.

எண் பெரிதாகும்போதுதான் இந்த வழியின் அருமை தெரியும். 47 3/16-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தகா பின்னமாக்கினால் 755/16. 755-ஐ 16-ஆல் வகுக்க உட்கார வேண்டும். அதற்குப் பதில் 3-ஐ மட்டும் 16-ஆல் வகுத்தால் 0.1875, விடை 47.1875. முடிந்தது.

வகுத்தலையும் ஒரு தடவை பக்கத்தில் இருந்து பார்த்துவிடுவோம், பூஜ்யக் கேள்விக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. 5-ஐ 8-ஆல் வகுக்க வேண்டும். 5-க்குள் 8 போகாது, அதனால் பூஜ்யம் போட்டுப் புள்ளி வைக்கிறோம். 5 ஐம்பது ஆகிறது. ஐம்பதில் 6 எட்டு நாற்பத்தெட்டு, மீதி 2. அது இருபது ஆகிறது, 2 எட்டு பதினாறு, மீதி 4. அது நாற்பது, 5 எட்டு நாற்பது, மீதி இல்லை. 0.625.

இப்போது 1/20. 1 பத்து ஆகிறது. பத்துக்குள் 20 போகவில்லை. இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். போகவில்லை என்றால் அந்த இடத்தில் ஒரு பூஜ்யம் எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் பத்தில் ஒன்று என்ற இடம் காலியாக இருக்கிறது. அப்புறம் பத்து நூறு ஆகிறது, 5 இருபது நூறு, மீதி இல்லை. 0.05. அதனால் 4.05. புள்ளி வைத்த பிறகு எத்தனை தடவை "போகவில்லை" என்று வருகிறதோ, புள்ளிக்கு அப்புறம் அத்தனை பூஜ்யம்.

வகுக்காமலும் செய்யலாம். கீழே உள்ள எண்ணை 10, 100, 1000 என்று ஏதாவது ஒன்றாக்க முடியுமா என்று பாருங்கள். 7 3/40 என்றால் 40-ஐ 25-ஆல் பெருக்கினால் 1000, மேலேயும் 25-ஆல் பெருக்கினால் 75. ஆக 75/1000. ஆயிரத்துக்கு மூன்று பூஜ்யம், புள்ளிக்கு அப்புறம் மூன்று இலக்கம் வேண்டும், கையில் இருப்பது இரண்டு இலக்கம்தான், அதனால் முன்னால் ஒரு பூஜ்யம் சேர்ந்து 075. விடை 7.075. இதை 7.75 என்று எழுதினால் கிட்டத்தட்ட முக்கால் பங்கு எண் எங்கிருந்தோ வந்து சேர்ந்துவிடுகிறது. 3/40 என்பது பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது என்று ஒரு நொடி யோசித்தாலே அந்த 7.75 கண்ணை உறுத்தும்.

கரும்பலகை:

மேலே சொன்னவரோடு எனக்கு ஒரு விஷயத்தில் உடன்பாடு இல்லை. தேர்வுக்குப் படிப்பவருக்குத் தகா பின்னமாக்கும் பழக்கம் கண்டிப்பாக வேண்டும். பெருக்கல் கணக்கில் அதுதான் கைகொடுக்கும். 2 1/4 × 1 3/5 என்று வந்தால் 9/4 × 8/5, அதாவது 72/20, விடை 3.6. முழு எண்ணை முழு எண்ணோடும் பின்னத்தைப் பின்னத்தோடும் தனித்தனியே பெருக்கி ஒட்டுகிறவர்களுக்கு இங்கே 2.15 என்று வரும், அது முழுத் தப்பு.

அப்புறம் குறை எண்கள். −2 3/8-ஐத் தசமமாக்கச் சொன்னால், முழு எண் −2, பின்னம் 0.375, இரண்டையும் கூட்டு என்று நினைத்து −1.625 என்று எழுதுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கூட்டல் குறி ஒளிந்திருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தால் இந்தக் குழப்பம் கூடத்தான் செய்யும். தகா பின்னமாக்கி −19/8 என்று எழுதிவிட்டால் −2.375 என்று நேராக வந்துவிடும்.

மீதியும்_ஈவும்:

பெருக்கல், வகுத்தலுக்குத் தகா பின்னம்தான், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. கேள்வி தசமமாக மாற்றுவதைப் பற்றி என்பதால் அதோடு நிறுத்திக்கொண்டேன். குறை எண்ணுக்கு நீங்கள் சொன்னது முக்கியமானது. அந்தக் குறி 2-க்கு மட்டும் சொந்தமில்லை, மொத்தத்துக்கும் சொந்தம்: −(2 + 3/8). குறியை மறைத்துவிட்டு 2 3/8-ஐ 2.375 என்று மாற்றி, கடைசியில் குறியைத் திரும்பப் போடச் சொன்னால் அங்கேயும் தப்பு வராது.

பகாஎண்:

பென்சில்முனை, உங்கள் மூன்றாவது கேள்விதான் இதில் அழகான கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முடியுமா முடியாதா என்பதைக் கீழே உள்ள எண், அதாவது பகுதி, முன்கூட்டியே சொல்லிவிடும். முதலில் பின்னத்தைச் சுருக்குங்கள், எவ்வளவு முடியுமோ அவ்வளவு. அப்புறம் பகுதியைப் பகாக் காரணிகளாகப் பிரியுங்கள். 2-ம் 5-ம் தவிர வேறு எதுவும் இல்லையென்றால் தசமம் முடியும். வேறு எது ஒட்டிக்கொண்டிருந்தாலும், 3 ஆகட்டும், 7 ஆகட்டும், 11 ஆகட்டும், முடியாது.

காரணம் மேலேயே வந்துவிட்டது. முடிகிற தசமம் என்றால் பகுதியை 10, 100, 1000 என்று ஏதாவது ஒன்றாக மாற்ற முடிகிறது என்று அர்த்தம். 10 என்பது 2 × 5. நூறு, ஆயிரம், கோடி, எதைப் பிரித்தாலும் உள்ளே 2-ம் 5-ம்தான் இருக்கும். 12-க்குள் ஒரு 3 இருக்கிறது, அதை எத்தனை எண்ணால் பெருக்கினாலும் அந்த 3 போகப்போவதில்லை, பத்தின் எந்த அடுக்குக்குள்ளும் 3 இல்லை. அதனால் 5/12 ஒருநாளும் முடியாது.

இலக்கம் எத்தனை என்றுகூடச் சொல்லிவிடலாம். 40 = 2 × 2 × 2 × 5. மூன்று 2, ஒரு 5. எது அதிகமோ அதுதான் இலக்க எண்ணிக்கை, ஆக மூன்று இலக்கம், 0.075. ஒவ்வொரு 2-க்கும் ஒரு 5 ஜோடி கிடைத்தால்தானே பத்து ஆகும், மூன்று ஜோடிக்கு 1000 வேண்டும். 16-க்குள் நான்கு 2 இருக்கிறது, 3/16 நான்கு இலக்கத்தில் முடிந்ததைப் பார்த்தீர்கள்.

சுருக்கச் சொன்னதை மறக்க வேண்டாம். 9 6/15-ல் 15-ஐப் பார்த்து "உள்ளே 3 இருக்கிறது, முடியாது" என்று சொல்லிவிடுவோம். ஆனால் 6/15 சுருங்கி 2/5 ஆகிறது, விடை 9.4, அழகாக முடிகிறது. தேர்வில் இந்த மாதிரி வேண்டுமென்றே வைப்பார்கள்.

முடியாவிட்டால் என்ன ஆகும்? திரும்பத் திரும்ப வரும், வந்தே தீரும். 3 2/7-ஐப் போட்டுப் பாருங்கள், 3-ஐ விட்டுவிட்டு 2-ஐ 7-ஆல் வகுக்கிறோம். இருபதில் 2, மீதி 6. அறுபதில் 8, மீதி 4. நாற்பதில் 5, மீதி 5. ஐம்பதில் 7, மீதி 1. பத்தில் 1, மீதி 3. முப்பதில் 4, மீதி 2. அந்த 2-ல்தானே ஆரம்பித்தோம்! இனி நடந்ததெல்லாம் அதே வரிசையில் மறுபடி நடக்கும். ஆக 3.285714 285714... என்று போய்க்கொண்டே இருக்கும். 7-ஆல் வகுக்கும்போது மீதியாக 1 முதல் 6 வரைதான் வர முடியும், ஆறு மீதியும் தீர்ந்த பிறகு ஏழாவதாக வருவது பழைய மீதியாகத்தான் இருக்க முடியும். எந்தப் பகுதிக்கும் இதே நியாயம்தான். 1/17-க்குப் பதினாறு இலக்கம் வரை போய்த்தான் திரும்பும், 1/11-க்கு இரண்டே இலக்கம்: 0.0909...

1/7, 2/7, 3/7 எல்லாவற்றையும் ஒரு தாளில் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். 142857, 285714, 428571. அதே ஆறு இலக்கங்கள் அதே வரிசையில், தொடங்கும் இடம் மட்டும் வேறு. ஏன் என்று மேலே எழுதிய மீதிகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: 3/7 என்றால் மீதி 3 இருந்த இடத்திலிருந்து வகுக்கத் தொடங்குகிறோம். பள்ளியில் இதை யாராவது காட்டியிருந்தால் எத்தனை பேருக்குக் கணக்குப் பிடித்துப்போயிருக்கும்!

இப்போது உங்கள் 5/12. ஐம்பதில் 4, மீதி 2. இருபதில் 1, மீதி 8. எண்பதில் 6, மீதி 8. மறுபடி எண்பது, மறுபடி 6, மறுபடி மீதி 8. ஆக 0.41666... 4-ம் 1-ம் ஒரு தடவைதான் வரும், 6 மட்டும் சுழலும். ஏன் இரண்டு இலக்கம் தள்ளிச் சுழலத் தொடங்குகிறது என்றால், 12 = 2 × 2 × 3, அதில் இரண்டு 2 இருக்கிறது. சுழலாமல் முன்னால் நிற்கும் இலக்கங்களின் எண்ணிக்கையை 2, 5 தீர்மானிக்கின்றன, சுழற்சியை மற்ற காரணிகள் தீர்மானிக்கின்றன. கையால் எழுதும்போது சுழலும் 6-க்கு மேல் மட்டும் கோடு போட வேண்டும், 416 மூன்றுக்கும் சேர்த்துப் போட்டால் அது வேறு எண் ஆகிவிடும்.

அந்த 7 கால்குலேட்டரின் முழுமையாக்கல். திரையில் இடம் தீர்ந்துவிட்டது, அடுத்து வரவேண்டியது 6, அது 5-க்கு மேல் என்பதால் கடைசி இலக்கத்தை ஒன்று கூட்டிக் காட்டுகிறது. எண்ணுக்குள் 7 எங்கேயும் கிடையாது. சில சாதா கால்குலேட்டர்கள் முழுமையாக்காமல் அப்படியே வெட்டிவிடும், அதில் கடைசி வரை 6 தெரியும்.

கடைசல்பட்டறை:

பகாஎண் எழுதியதைப் படித்தபோது சந்தோஷமாக இருந்தது. லேத் வேலையில் இருப்பவன் நான், அங்குல அளவில் வரைபடம் வந்தால் நாள் முழுக்க இதே வேலைதான். 1 13/64 அங்குலம் என்று போட்டிருப்பார்கள், மைக்ரோமீட்டர் தசமத்தில் காட்டும். 64 என்பது ஆறு 2, ஆக ஆறு இலக்கம்: 1.203125. அங்குலப் பின்னங்கள் எல்லாமே அரை, கால், அரைக்கால் என்று பாதி பாதியாக வெட்டி வந்தவை, அதனால் முடியாத தசமம் எங்களுக்கு வரவே வராது. 1/64 என்பது 0.015625 என்று ஒன்றை மனப்பாடம் செய்துவிட்டால் மற்றதெல்லாம் பெருக்கல்தான். மில்லிமீட்டர் வேண்டுமென்றால் 25.4-ஆல் பெருக்க வேண்டும், 2 3/8 அங்குலம் என்றால் 2.375 × 25.4 = 60.325 மி.மீ.

கால்குலேட்டர் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நான்கு குறி மட்டும் உள்ள சாதா கால்குலேட்டரில் 3 + 5 ÷ 8 என்று தட்டினால் விடை 1 என்று வரும். அது அழுத்திய வரிசையிலேயே கணக்குப் போடும், 3-ம் 5-ம் சேர்ந்து 8, எட்டை எட்டால் வகுத்தால் 1. சயின்டிபிக் கால்குலேட்டரில் அதையே தட்டினால் 3.625 வரும், அது வகுத்தலை முதலில் செய்யும். எந்தக் கால்குலேட்டர் கையில் இருந்தாலும் 5 ÷ 8 + 3 என்று தட்டுங்கள், இரண்டிலும் சரியாக வரும்.

இன்னொன்று, நடுவிலேயே முழுமையாக்காதீர்கள். 6 2/3-ஐ 6.67 என்று எழுதி மூன்றால் பெருக்கினால் 20.01. பின்னமாகவே வைத்திருந்து 20/3 × 3 என்று போட்டால் சரியாக 20. அந்த 0.01 அங்குலம் எங்கள் வேலையில் பொருளைக் குப்பைக்கு அனுப்பிவிடும். தசமமாக்குவதைக் கடைசி வரிக்குத் தள்ளிப்போடுங்கள்.

நேரக்கணக்கு:

ஊழியர்களின் வேலை நேரத்தைப் பதிவு செய்கிறேன், இதே கணக்கு வேறு வேஷத்தில் எனக்கு வருகிறது. 2 மணி 20 நிமிடத்தை 2.20 என்று எழுதிவிடுகிறார்கள். 20 நிமிடம் என்பது 20/60, சுருக்கினால் 1/3. அதாவது 2 1/3 மணி, தசமத்தில் 2.333... 2 மணி 15 நிமிடம் 2.25, 2 மணி 45 நிமிடம் 2.75. மணிக்கணக்கைக் கூட்டிப் பெருக்கும் இடத்தில் 2.20 என்று போட்டால் எட்டு நிமிடம் காணாமல் போகிறது, அது ஒருவருடைய உழைப்பு.

எக்செல் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒரு கட்டத்தில் 3 என்று தட்டி ஒரு இடைவெளி விட்டு 5/8 என்று தட்டினால் அது கலப்பு பின்னம் என்று புரிந்துகொண்டு 3.625 என்று வைத்துக்கொள்ளும். வெறும் 5/8 என்று மட்டும் தட்டினால் தேதியாக்கிவிடும், அதற்கு 0 5/8 என்று தட்ட வேண்டும்.

பகாஎண்:

நேரக்கணக்கு சொன்னதில் ஒரு நல்ல விஷயம் ஒளிந்திருக்கிறது. 1/3 மணியைத் தசமத்தில் எழுதினால் முடியவே முடியாது, நிமிடத்தில் சொன்னால் 20 என்று சட்டென்று முடிகிறது. 60 = 2 × 2 × 3 × 5, அதற்குள் 3 இருக்கிறது, பத்துக்குள் இல்லை. முடிவதும் முடியாததும் பின்னத்தின் குணம் மட்டுமில்லை, நாம் எதை அடிப்படையாக வைத்து எண்ணுகிறோம் என்பதையும் பொறுத்தது. 1/7 மணி என்றால் நிமிடம், நொடி என்று போனாலும் முடியாது, 60-க்குள் 7 இல்லையே.

கணினி இரண்டை அடிப்படையாக வைத்து எண்ணுகிறது. அதற்கு 2 மட்டும்தான் தெரியும், 5 கிடையாது. அதனால் நமக்கு 0.1 என்று முடிகிற 1/10 அதற்கு முடியாத எண். பல நிரல் மொழிகளில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று வருவது இதனால்தான். கடைசல்பட்டறை சொன்ன 13/64 மாதிரி எண்ணெல்லாம் கணினிக்குள் துளிகூடப் பிசகாமல் உட்காரும்.

பென்சில்முனை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மீதி திரும்ப வருவதால்தான் சுழல்கிறது என்பது இத்தனை நாள் தெரியாமலே போய்விட்டது. நானாக மூன்று கணக்கு எடுத்து, வகுப்பதற்கு முன்னால் என்ன வரும் என்று எழுதிவைத்துப் பார்த்தேன்.

6 7/24: 24 = 2 × 2 × 2 × 3, அதனால் முடியாது, மூன்று இலக்கம் தள்ளிச் சுழல வேண்டும். வகுத்தால் 6.291666... சரியாக வந்தது.

11 9/48: சுருக்கினால் 3/16, நான்கு இலக்கத்தில் முடிய வேண்டும். 11.1875.

8 5/13: இது முடியாது என்று தெரிகிறது. ஆனால் எத்தனை இலக்கத்தில் திரும்பும் என்று பார்த்தவுடன் சொல்ல முடியவில்லை. பன்னிரண்டு இலக்கம் வரை போகலாம் என்று எழுதிவைத்தேன், ஆறிலேயே திரும்பிவிட்டது: 8.384615 384615... இது ஏன்?

பகாஎண்:

முன்னால் சொன்னது அதிகபட்சம்தான், 13-க்குப் பன்னிரண்டு மீதி வரலாம், எல்லாமே வர வேண்டும் என்று கட்டாயமில்லை. 9, 99, 999 என்று 9-களாக அடுக்கிக்கொண்டே போங்கள், எத்தனை 9 சேர்ந்ததும் 13-ஆல் முதல் தடவையாக மீதியின்றி வகுபடுகிறதோ அத்தனை இலக்கத்தில் திரும்பும். 999999-ஐ 13-ஆல் வகுத்தால் 76923, மீதி இல்லை, அதற்கு முன்னால் எதுவும் வகுபடாது, அதனால் ஆறு. 11-க்கு 99 போதும், 37-க்கு 999. பகுதிக்குள் 2-ம் 5-ம் இருந்தால் அவற்றை முதலில் நீக்கிவிட்டு மிச்சத்தை இப்படிப் பாருங்கள். 41-ஐப் போட்டுப் பாருங்கள், பெரிய எண்தானே என்று நினைப்பீர்கள், 99999-லேயே வகுபட்டுவிடும்.